ஏரி ஜலமும் நிலத்தடி ஜலமும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து மக்களுக்கு ஏரி கண்ணெதிரே தெரியும் செல்வமாகும். கிணற்றுக்கு ஆதாரமான நிலத்தடி ஜலத்தைப் பற்றியோ, கிணறு வற்றும் நாள் வரையில் ஒருவரும் விசாரிப்பதில்லை. இவ்விரண்டில் எது பெரிது, ஒன்றுக்கொன்று சம்பந்தம் யாது என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

பனிக்கட்டியாக உறைந்திருப்பது நீங்கலாக உலகிலுள்ள நன்னீரைக் கணக்கிட்டால், நன்னீர் ஏரிகள் அனைத்திலும் உள்ளதைப்போல் சுமார் நூறு மடங்கு ஜலம் பூமிக்கடியில் இருக்கிறது. எனினும் அது குளம்போல் தேங்கி நிற்பதன்று. மணல், சரளை இவற்றின் இடுக்குகளிலும் பாறை வெடிப்புகளிலும் அடங்கியிருப்பது. மணற்படுகையில் ஜலமட்டம் ஓரடி இறங்குமளவு இறைத்தால், கிடைப்பது ஏறக்குறைய 2 அல்லது 3 அங்குல உயர ஜலமே. களிமண் ஜலத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமேயன்றி எளிதில் விடாது. ஆகையால்தான் அடுத்தடுத்த இரு நிலங்களில் ஒன்றில் ஊற்று மிகுந்தும், மற்றொன்றில் குறைந்தும் இருக்கக் காண்கிறோம்.

ஏரியின் இயல்பு வேறு. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 364½ கோடி கன அடி ஜலம் கொள்ளும். அது ஒரே பருவமழையில் நிரம்பக்கூடும். வெய்யிலாலும் காற்றாலும் விரைவில் குறைந்தும் போகும். 2015 டிசம்பரில் நிரம்பித் திறந்துவிடப்பட்ட இவ்வேரி, 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளுடன் ஏறக்குறைய முற்றிலும் வற்றிற்று. நிலத்தடி ஜலம் வெய்யிலுக்குத் தப்பி நெடுநாள் நிற்கும். ஆனால் மெதுவாகவே சேரும்.

சங்கக் கணக்கைக் கொண்டு கூறின், ஏரி கையிருப்பு ரொக்கம். நிலத்தடி ஜலம் சேமநிதி. சேமநிதியை நாள்தோறும் செலவிடும் சங்கம் நிலைக்காது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில், நகரக் குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் வருஷந்தோறும் சேர்வதைவிட அதிகமாக இறைத்ததன் பலனாகக் கடல் நீர் நிலத்தடியில் பல மைல் உட்புகுந்து கிணறுகளை உப்பாக்கிற்று. 1987-ஆம் வருஷத்தில் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது.

இச்சேமநிதிக்குப் பணம் கட்டுவது மழையும் ஏரியுமேயாம். ஏரியில் நிற்கும் ஜலத்தில் ஒரு பகுதி கீழிறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளுக்கு ஊறுகிறது. பாசனம் நின்றுபோன ஏரி வீண் நிலம் என்று எண்ணித் தூர்ப்போர், தம் கிணற்றின் ஊற்றையே தூர்ப்போராவர். ஏரியில் விடப்படும் சாக்கடையும் அவ்வழியே கிணற்றைச் சேரக்கூடும்.

ஆகையால் அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று. ஐப்பசி மழைக்கு முன்னரே வரத்துக்கால்களையும் கலங்கலையும் அடைப்பின்றிச் சீர்செய்ய வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழிகளைத் தூர்வாரி வைத்தல் வேண்டும். மாதந்தோறும் ஒரே தேதியில் ஊர்ப் பொதுக்கிணற்றின் ஜலமட்டத்தைக் கயிற்றால் அளந்து, சங்கப் புத்தகத்தில் பதிந்துவரல் வேண்டும். பங்குனியில் உள்ள மட்டத்தைச் சென்ற வருஷப் பங்குனியுடன் ஒப்பிட்டால், ஊர் தன் வரவுக்குள் செலவு செய்கிறதா, முதலைத் தின்கிறதா என்பது அனைவருக்கும் விளங்கும்.