எறும்பும் நோயாளியின் படுக்கையும்

நீரிழிவால் பாதத்தில் உணர்வு குன்றியவர்களும் பக்கவாதத்தால் படுக்கையில் இருப்பவர்களும் எறும்பு கடிப்பதை அறியமாட்டார்கள். காலையில் புண்ணின் கட்டைப் பிரிக்கும்போதுதான் வீட்டார் காண்கிறார்கள்.

கண்ணில் படும் எறும்புகளைக் கொல்வதால் பயன் குறைவு. இரை தேடி வருபவை கூட்டத்தில் ஒரு பகுதியே. இராணி எறும்பு புற்றினுள் இருக்கிறது. ஆகவே சாரையைப் பின்தொடர்ந்து, அது நுழையும் விரிசலைக் கண்டு சிமெண்டால் அடையுங்கள். சென்ற தடத்தைச் சோப்பு நீரால் துடைத்தால் வழிகாட்டும் மணம் அழியும். புளியங்குடியில் எலுமிச்சை மரமுள்ள வீடுகள் பல. அம்மரத்து மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பை எறும்புகள் நாடும்; கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள்.

கட்டில் கால்களை நீர்க் கிண்ணங்களில் வைக்கலாம். போர்வை தரையைத் தொட்டால் அதுவும் வீண். இரண்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றுங்கள். இல்லையேல் டெங்குக் கொசு வளரும்.

எறும்புச் சாக்கட்டியைப் படுக்கையருகே பூச வேண்டா. அது பூச்சிக்கொல்லி, எழுதும் சாக்கட்டி என்றெண்ணிக் குழந்தைகள் வாயில் வைப்பதுண்டு. அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

கடியாத எறும்பும் தீங்கு செய்யும். 2022-இல் திண்டுக்கல் மாவட்டக் கரந்தமலை அடிவாரச் சிற்றூர்களில் பெருகிய மஞ்சள் எறும்புகள் கொட்டுவதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுபவை. அது கண்ணில் பட்டால் தேய்க்காமல், தூய நீரால் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.