ஆடாதோடை: ‘கோழையகற்றி’ என்னும் கலைச்சொல்லும் இருமல் மருந்தும்

முன்னுரை

ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்த மதுராந்தகம் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலம் சளிக்கும் இருமலுக்கும் உரிய காலமாகும். இக்காலத்தில் தமிழர் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் மூலிகைகளுள் ஆடாதோடை குறிப்பிடத்தக்கது. அதன் மருத்துவப் பயன்பாட்டையும், சித்த மருத்துவம் அதற்கு வழங்கிய கலைச்சொல்லின் பொருத்தத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் இயல்பும்

ஆடு தொடாத இலை என்பதால் இப்பெயர் அமைந்தது எனக் கூறுவது மக்கள் வழக்கு. கைப்புச் சுவையால் கால்நடைகள் இதை மேய்வதில்லை. ஆகவே வேலிச் செடியாகவும் இது வளர்க்கப்படுகிறது. 1753-இல் லின்னேயஸ் இதற்கு ‘ஜஸ்டிசியா அடதோடா’ எனப் பெயரிட்டார். இப்பெயரின் பிற்பகுதி தென்னாட்டு வழக்குச் சொல்லின் வடிவமே ஆகும்.

சித்த மருத்துவத்தில்

குணபாடம் ஒவ்வொரு மூலிகைக்கும் சுவை, தன்மை, பிரிவு, செய்கை ஆகியவற்றைக் கூறுகிறது. ஆடாதோடையின் சுவை கைப்பு, தன்மை வெப்பம். செய்கைகளுள் கோழையகற்றி, இசிவகற்றி ஆகியன முதன்மையானவை. இலைச்சாற்றை அல்லது குடிநீரை வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துப் பாகு பதத்தில் காய்ச்சி எடுப்பது ஆடாதோடை மணப்பாகு. கொரோனாக் காலத்தில் பரவலாக அறியப்பட்ட கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளுள் ஆடாதோடை இலையும் ஒன்று.

அறிவியல் நோக்கில்

உதகமண்டலத்தில் சென்னை அரசின் சின்கோனா வேதியியலாளராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர், 1888-இல் இவ்விலையில் உள்ள காரப்பொருளை ஆராய்ந்து ‘வாசிசின்’ எனப் பெயரிட்டார். வாசா என்னும் வடமொழிப் பெயரே இதற்கு அடிப்படை. வாசிசினின் வேதியமைப்பைத் தழுவி உருவாக்கப்பட்ட புரோம்ஹெக்சின் 1963-இல் விற்பனைக்கு வந்தது. புரோம்ஹெக்சின் உடலில் மாற்றமடைந்து தரும் பொருளே அம்ப்ராக்சால். இன்றைய இருமல் சிரப்புகள் பலவற்றில் இவ்விரண்டுள் ஒன்று உள்ளது.

இருமலை அடக்கும் மருந்து வேறு. கோழையை இளக்கி வெளியேற்றும் மருந்து வேறு. கோழை நிறைந்த இருமலை அடக்கினால் அது நுரையீரலிலேயே தங்கும். புரோம்ஹெக்சின் கோழையை இளக்கும் வகையைச் சார்ந்தது. ‘இருமலடக்கி’ என்னாது ‘கோழையகற்றி’ என்று பெயரிட்டதன் வாயிலாகச் சித்த மருத்துவர் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தமை புலனாகிறது.

பாதுகாப்பும் வரம்பும்

இருமல் மருந்தில் மூலப்பொருளைப் போன்றே அதைக் கரைக்கும் ஊடகமும் இன்றியமையாதது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான சிரப்பு ஒன்றின் ஒரு தொகுதியில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் இருந்ததை 2025 அக்டோபரில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் அம்மருந்தை உட்கொண்ட குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர்.

இதனால் மூலிகை மருந்து தீங்கற்றது என முடிவு செய்தலும் பொருந்தாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. எனவே கருவுற்ற பெண்கள் ஆடாதோடையைத் தவிர்த்தல் வேண்டும். குழந்தைகளுக்குரிய அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை தேவை. வீட்டு மருந்தால் நோய்க்குறி தணிந்தாலும் நோய் மறைந்திருந்து பிறருக்கும் பரவக்கூடும். செங்கல்பட்டு மாவட்டத்தின் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், காசநோய்ச் சிகிச்சைக்கெனத் தோன்றிய அரசு நெஞ்சக மருத்துவமனையும் அருகருகே அமைந்திருப்பது இவ்வகையில் நோயாளிகளுக்கு வாய்ப்பானதாகும்.

முடிவுரை

ஆடாதோடையின் பயன்பாடு மரபறிவும் வேதியியலும் ஒரே முடிவை அடைந்தமைக்குச் சான்றாகிறது. மருந்தின் செய்கையைச் சுட்டும் கலைச்சொற்கள் மருத்துவ அறிவின் பதிவுகளாகவும் விளங்குகின்றன. குணபாடத்தின் ஏனைய செய்கைப் பெயர்களையும் இந்நோக்கில் ஆராய்வது தமிழ் ஆய்வுக்கும் மருத்துவ ஆய்வுக்கும் பயன் தரும்.