குறைவாக ஓடிய காரை நாமே விற்கும்போது கவனிக்க வேண்டியவை

திருப்பூர், பல்லடம், அவினாசி பக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு செடான் கார் வாசலில் சும்மா நிற்கிறது. கம்பெனிக்குப் போய்வர டூவீலரே போதும். மகன் வளைகுடாவுக்குப் போயிருப்பார். ஏழெட்டு வருடமாகியும் மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. அதைப் புரோக்கர் இல்லாமல் நாமே விற்றால் கமிஷன் மிச்சம்தான். ஆனால் புரோக்கர் பார்க்கும் வேலைகளும் நம் தலையில்தான் விழும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மீட்டர் மட்டும் பேசாது

"கம்மியாக ஓடிய வண்டி" என்றாலே கூடுதல் விலை கேட்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் நின்றே இருந்த காருக்கும் சில குறைகள் வரும். ஓடாவிட்டாலும் டயர் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்று இருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரானது. பேட்டரி இறங்கியிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம், இன்ஜின் ஆயில் கெட்டிருக்கலாம்.

இவற்றைச் சரிசெய்துவிட்டு விற்கலாம். முடியாவிட்டால் வாங்க வருபவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்ததும், ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று விற்றவரிடம் கேட்டதும் நாம் அறிந்ததே. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியனை செகண்ட்ஸ் என்று சொல்லியே விற்கிறோம். காருக்கும் அதே நியாயம்தான்.

குறைவாக ஓடியது என்பதற்கு ஆதாரம் சர்வீஸ் பில்கள். ஒவ்வொரு பில்லிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கி வைத்தால் வாங்குபவருக்குச் சந்தேகம் வராது.

விலை பேசும்போது

அதே மாடல், அதே வருட வண்டிகளுக்கு மற்றவர்கள் கேட்கும் விலையையும், இன்ஷூரன்ஸ் பாலிசியில் உள்ள வண்டி மதிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வராத ஆளை வந்ததாகச் சொல்லி விலையை ஏற்றுவதும், ஒருவரிடம் விலை முடித்த பிறகு அதிகம் தருபவருக்கு மாற்றிக் கொடுப்பதும் மார்க்கம் தடுத்தவை. ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸைப் பார்த்துவிட்டு நாமும் உடன் செல்வது நல்லது.

பெயர் மாற்றம்: விடவே கூடாத வேலை

பணம் வந்துவிட்டது, சாவி கொடுத்துவிட்டோம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். 2007இல் ஒருவர் காரை விற்றார். அது கைமாறிக்கொண்டே போனது, ஆர்.சி.யில் மட்டும் அவர் பெயரே இருந்தது. 2009இல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் உயிரிழந்தான். நவீன் குமார் - விஜய் குமார் வழக்கு என்று அறியப்படும் இதில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விற்று இரண்டு வருடம் கழித்து நடந்த விபத்துக்கு விற்றவரே பதில் சொல்ல வேண்டி வந்தது!

மோட்டார் வாகனச் சட்டம் 50வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் படிவம் 29, 30 தேவை. "நானே மாற்றிக்கொள்கிறேன் பாய்" என்ற வார்த்தையை நம்பி வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பரிவாகன் தளத்தில் உரிமையாளர் பெயர் மாறியதை நம் கண்ணால் பார்க்கும்வரை வேலை முடியவில்லை. காருக்குக் கடன் இருந்தால் முதலில் அதை அடைத்து, வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் பெற்று, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்க வேண்டும். நிலுவையில் உள்ள அபராதங்களைக் கட்டிவிட்டு, ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸும் வாங்குபவர் பெயருக்கு மாற வேண்டும். ஆனால் கிளெய்ம் செய்யாததற்கான போனஸ் தள்ளுபடி வண்டிக்கு உரியதல்ல, நமக்கு உரியது. அதற்கான சான்றை நிறுவனத்திடம் வாங்கி வைத்தால் அடுத்த காருக்குப் பயன்படும்.

பணமும் எழுத்தும்

ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வங்கி வழியாக வாங்குங்கள். பணம் கணக்கில் ஏறியதை மொபைலில் வந்த மெசேஜை வைத்து முடிவு செய்யாமல், கணக்கைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும், வியாபாரத்துக்குச் சாட்சி வைத்துக்கொள்ளவும் அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம் நமக்குக் கற்றுத்தருகிறது. இன்ஜின் எண், சேஸிஸ் எண், விலை, நாம் சொன்ன குறைகள், சாவி கொடுத்த தேதி, நேரம், அன்றைய கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். சொந்தக்காரர், ஒரே மஹல்லாக்காரர் என்றால் எழுதக் கூச்சப்படுகிறோம். ஆனால் நாளை ஒரு விபத்தோ வழக்கோ வந்தால் அந்த உறவைக் காப்பதும் அந்தத் தாள்தான்.

அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக!