எவர்சில்வரும் டைட்டானியமும்

நம் புதுவைக் கடற்கரைக்கு அணித்தாக வாழ்வார் யாவரும் உப்புக்காற்றின் வலிமையை நன்கறிவர். வர்ணம் பூசிய சாளரக் கம்பியும் இரண்டொரு மழைக்காலத்துள் செந்துருவை உதிர்க்கக் காண்கிறோம். அங்ஙனமிருக்க, அடுக்களையிலுள்ள எவர்சில்வர்ச் செம்பு மட்டும் பல்லாண்டு ஒளி குன்றாதிருப்பது எதனால்? அதனினும் சிறந்ததெனப் பேசப்படும் டைட்டானியம் எவ்வாற்றாற் சிறந்தது? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

எவர்சில்வர் என நாம் வழங்குவது துருவேறா எஃகேயாம். 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார் எஃகில் குரோமியத்தைக் கலந்து இவ்வகை எஃகொன்றை உருக்கினார். நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் இருப்பின், அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, கண்ணுக்குப் புலனாகா மெல்லிய கவசமொன்றை எஃகின்மேற் படரச் செய்கிறது. கீறல் விழினும் அக்கவசம் தானே மீள வளரும். டைட்டானியத்தின் காப்பும் இத்தகையதே. ஆயினும் கடலுப்பிலுள்ள குளோரைடு, எஃகின் கவசத்தை ஆங்காங்கே துளைத்துக் குழி செய்ய வல்லது. மாலிப்டினம் சேர்த்த 316 என்னும் வகை அதனை ஓரளவு தாங்கும். டைட்டானியமோ சாதாரண வெப்பநிலையிலுள்ள கடல்நீரால் ஏறக்குறைய ஊறேதும் அடைவதில்லை.

எடையிலும் வேற்றுமை பெரிது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறத்தாழ 8 கிராம். அலுமினியம் 6 பங்கும் வனேடியம் 4 பங்கும் கலந்த டைட்டானியக் கலவையோ 4.4 கிராமே. விறைப்பில் எஃகு 190 கிகாபாஸ்கலுக்கு மேற்பட்டது. இக்கலவை 110 அளவினது. குறைந்த விறைப்பு ஒரு குறையன்றோ எனின், முறிந்த எலும்பைக் கேட்டறிக! எலும்பின் விறைப்பு ஏறத்தாழ 20-க்கு உட்பட்டது. மிக விறைத்த தகடு சுமை முழுதையும் தானே தாங்கிக்கொள்ள, வேலையற்ற எலும்பு நாளடைவில் மெலிகிறது. டைட்டானியம் சுமையை எலும்போடு ஓரளவு பகிர்ந்துகொள்ளும். எனினும் சிலகாலம் வைத்தெடுக்கும் தகட்டுக்கு, விலை குறைந்த எஃகே பலருக்கும் போதியதாகிறது.

நமக்கு வடக்கே கல்பாக்கத்தில் மற்றோர் உதாரணம் உண்டு. அணு உலையில் எரிந்த எரிபொருளைக் கொதிக்கும் நைட்ரிக் அமிலத்திற் கரைக்குங்கால், அமிலம் எஃகின் மணிகளுக்கிடையே புகுந்து அரிக்கின்றது. ஆகவே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் டைட்டானியத்தோடு டான்டலமும் நையோபியமும் சேர்த்த கலவையை அத்தொழிலுக்கென ஆக்கினர். ஆயின் அங்குள்ள உலைகளின் உறுப்புக்கள் பலவற்றிற்கு எஃகே இன்றும் ஏற்றது.

டைட்டானியத்தின் தாதுவாகிய இல்மனைட்டு, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கருமணலில் நிரம்பக் கிடைப்பது. மணல் மலிவு, உலோகம் அரிது. முதலிற் குளோரினோடு சேர்த்து, பின்னர் மக்னீசியத்தாற் பிரித்து, காற்றுப் படாமற் காத்தே இதனைப் பெறல் வேண்டும். பற்றவைக்குங்காலும் ஆர்கன் வாயுவின் காவல் வேண்டும். விலையுயர்வின் காரணம் இதுவே.

ஆதலின் இவற்றுள் எது உயர்ந்தது என வினவுதல் பொருந்தாது. எப்பணிக்கு எது உரியது என வினவுதலே அறிவுடைமை. தாங்கும் சுமையையும், சூழும் நீரையும், கையிலுள்ள பொருளையும் ஒருங்கே எண்ணித் தெரிந்தெடுப்பவனே நல்ல பொறியாளன் ஆவான்.