கண்ணாடி மறைக்கும் வெப்பம்

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகுதான் ஸ்மார்ட் மிரரின் குறை தெரியும். பகலில் முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் மணியும் வானிலையும் வெள்ளை எழுத்தில் மிதக்க, அழகாகத்தான் இருந்தது. இருட்டில் அதே கண்ணாடி சாம்பல் நிறத்தில் ஒளிர்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் எல்சிடி மானிட்டரில் கறுப்பு என்றால் விளக்கு அணைந்துவிட்டது என்று பொருளல்ல. பின்னால் பேக்லைட் எரிந்துகொண்டேதான் இருக்கும். முன்னாலுள்ள திரவப் படிகங்கள் அதை மறைக்கின்றன, ஆனால் முழுக்க மறைக்க அவற்றால் முடியாது. மானிட்டர் 20 வாட் என்று வைத்துக்கொண்டால், இரவும் பகலும் எரிய மாதம் 14 யூனிட்டுக்கு மேல் ஆகும்.

ஆள் வந்தால் திரை விழிக்கவும் போனால் உறங்கவும் பலர் வாங்குவது எச்.சி-எஸ்.ஆர்.501 என்ற சின்ன சென்சார். பாதி பிங்பாங் பந்தைக் கவிழ்த்தது போல வெள்ளைத் தொப்பி போட்டிருக்கும். இது எந்த ஒளியையும் வீசுவதில்லை. வருவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நம் தோலின் சூடு 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்புக் கதிராக எந்நேரமும் வெளியேறுகிறது. சென்சாருக்குள் வெப்பத்தை உணரும் இரண்டு துண்டுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கின்றன. அறையின் சூடு இரண்டின் மேலும் சமமாக விழுவதால் கணக்கு நேராகிவிடும். நடந்து வருபவரின் சூடு முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் விழும். அந்த வித்தியாசம்தான் சிக்னல். தொப்பி உண்மையில் பிரெனல் வில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கங்களுக்காக இயற்பியலாளர் பிரெனல் உருவாக்கிய அதே உத்தி, இங்கே அறையைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்க்க உதவுகிறது.

பார்வைக்கு நன்றாக இருக்குமே என்று சென்சாரைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். எத்தனை முறை கையை ஆட்டியும் திரை விழிக்கவில்லை. வெளியே எடுத்து, முதலில் ஒரு மெல்லிய பாலிதீன் பையை முன்னால் பிடித்தேன், வேலை செய்தது. போட்டோ பிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடியைப் பிடித்தேன்; செத்துப்போனது போல இருந்தது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடும் கண்ணாடி, உடல் வெப்பத்தின் நீண்ட அகச்சிவப்பை விடுவதில்லை. பாலிதீன் விடும். அந்த வெள்ளைத் தொப்பியும் பாலிதீன்தான். ஆகவே சட்டத்தின் கீழ்விளிம்பில் ஓட்டை போட்டுத் தொப்பியை வெளியே நீட்டுவதே வழி.

சென்சாரின் 3.3 வோல்ட் சிக்னலை, மானிட்டரை இயக்கும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி நேரடியாகப் படிக்கும். ஆள் இல்லையென்றால் மானிட்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ சிக்னலை நிறுத்திவிட வேண்டும். கறுப்புப் பக்கத்தைக் காட்டினால் மட்டும் போதாது. தாமதத்தைத் திருகும் குமிழ் சென்சாரிலேயே உண்டு. அதைக் குறைந்த அளவில் வைத்து, இரண்டு நிமிடக் கணக்கை நிரலில் எழுதுவது எனக்குப் பிடித்த முறை.

இரண்டு சங்கடங்கள் உண்டு. அசையாமல் நின்று கண்மை தீட்டுபவரை இது பார்க்காது. மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரியைத் தொட்டால், தோலுக்கும் சுவருக்கும் வெப்ப வித்தியாசம் சுருங்கி, எட்டும் தூரமும் குறையும். 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார் மூச்சில் எழும் மார்பின் அசைவைக்கூட உணரும், கண்ணாடியையும் ஊடுருவும். ஆனால் கண்ணாடியின் பின்புறம் உலோகப் பூச்சு இருந்தால் அதுவும் தடுமாறும்.

மானிட்டர் விழிக்கச் சில விநாடிகள் பிடிக்கும். நேராக எதிரே வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரையே இந்த சென்சார் எளிதில் பிடிக்கும் என்பதால், வாசலிலிருந்து வரும் வழி அதன் பார்வைக்குக் குறுக்காக விழும்படி பொருத்தினேன். இப்போது நான் கண்ணாடிக்கு முன் போய் நிற்பதற்குள் மணி தெரிந்துவிடுகிறது.