முகூர்த்தமும் முழுநேரத் தொழிலும்

நுழையும்முன்

கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் படம் எடுக்கும் காலம் இது. ஆயினும் திருமண வீட்டார் முன்பணம் கொடுத்து ஒளிப்படக் கலைஞர் ஒருவரை அமர்த்துகின்றனர். எல்லாராலும் செய்ய இயலும் செயலுக்கு ஏன் ஒருவரைத் தேடுகின்றனர்? அச்செயலைக் கொண்டு ஒருவர் ஆண்டு முழுவதும் வாழ இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுகிறது இப்பாடம்.

திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்தில், பழனியிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் வழியில் அமைந்த பேரூர் நெய்க்காரப்பட்டி. தெற்கே பழனி மலைத்தொடர். சுற்றிலும் கரும்பும் தென்னையும் விளையும் நிலம். தை பிறந்துவிட்டால் இத்தகைய ஊர்களின் மண்டப வாயில்களில் வாழைமரங்கள் கட்டப்படும். பந்தல் அமைப்போர், சமையற்கலைஞர், நாகசுரக் கலைஞர், பூத்தொடுப்போர் எனப் பலருக்கு முகூர்த்த நாள்களே வாழ்வளிக்கின்றன. அவ்வரிசையில் ஒளிப்படக் கலைஞரும் நிற்கிறார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விருந்தும் இசையும் பூவும் அன்றே பயன் தந்து முடிகின்றன. ஒளிப்படமோ திருமணம் முடிந்த பின்னரே தன் பயணத்தைத் தொடங்குகிறது. பேரப்பிள்ளைகளும் அதனைக் காண்பர்.

வளர்ந்த வரலாறு

ஒளிப்படக் கலை 1839ஆம் ஆண்டு பாரிசு நகரில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது தமிழகத்தை வந்தடைந்தது. 1850களில் சென்னையில் ஒளிப்படக் கழகம் ஒன்று தோன்றியது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்பவர் மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கோவில்களையும் அரண்மனைகளையும் படமாக்கினார்.

நாளடைவில் நகரங்களில் படநிலையங்கள் பெருகின. மணமக்கள் படநிலையத்திற்குச் சென்று, வரையப்பட்ட திரைச்சீலையின் முன்பு அசையாது நின்று படம் எடுத்துக்கொண்டனர். ஒரு குடும்பத்திற்கு ஒரு திருமணப்படம் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது. அத்தகைய பழைய தமிழகப் படநிலையங்களின் படங்கள் அழியாதிருக்க, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அவற்றை எண்ணிம வடிவில் பாதுகாத்துள்ளது. அன்று வீட்டுச் சுவருக்காக எடுக்கப்பட்டவை, இன்று உடை, அணிகலன், குடும்ப அமைப்பு ஆகியவற்றைச் சொல்லும் சமூக வரலாற்றுச் சான்றுகளாகிவிட்டன.

தெரியுமா?

உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருள்களை விற்பனை செய்தது. எண்ணிமப் படக்கருவி பரவியபின் அந்நிறுவனம் நலிந்து மூடப்பட்டது. எண்ணிமப் படக்கருவியின் முதல் வடிவத்தை 1975இல் உருவாக்கியவர் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன். அக்கருவி ஒரு படத்தைப் பதிவு செய்ய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது.

திரும்பி வாராத நொடி

முதல் வினாவிற்கான விடை மணவறையின் முன்பு கிடைக்கிறது. மங்கலநாண் பூட்டும் நிகழ்வு சில நொடிகளில் முடிந்துவிடும். அதனை மீண்டும் ஒருமுறை நிகழ்த்திக் காட்டுமாறு எவரும் கேட்க இயலாது. அந்நேரத்தில் உறவினர் கைகள் அட்சதையோடு உயரும். வேள்விப் புகை முகத்தை மறைக்கும். விடியற்கால முகூர்த்தமாயின் இயற்கை ஒளியும் இராது. இத்தனைக்கும் நடுவே தவறாமல் படம் தருவேன் என்னும் உறுதிப்பாட்டையே திருமண வீட்டார் விலை கொடுத்துப் பெறுகின்றனர். விலை படக்கருவிக்கு அன்று, பொறுப்பிற்கே.

அப்பொறுப்பை நிறைவேற்ற அறிவியல் அறிவு வேண்டும். வில்லையின் துளை அளவு, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், உணர்தளத்தின் ஒளியுணர்திறன் ஆகிய மூன்றும் சேர்ந்தே படத்தின் ஒளியளவை முடிவு செய்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றொன்றை ஈடுசெய்ய வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். அதனால் மண்டப விளக்குகள் பல நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன. ஷட்டர் நேரத்தை மிகக் குறைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழக்கூடும். நொடியில் நூறில் ஒரு பங்கு என வைத்தால் பெரும்பாலும் அக்குறை நீங்கும். இயற்பியல் வகுப்பில் கற்பது மண்டபத்தில் பயன்படுகிறது.

எடுத்த படத்தைக் காப்பதும் எடுப்பதற்கு நிகரானதே. ஒரே நேரத்தில் இரண்டு நினைவட்டைகளில் பதிவாகும் படக்கருவியைத் தொழில்முறைக் கலைஞர் விரும்புவது இதனால்தான். மூன்று படிகள், இருவகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றுள் ஒரு படி வேறோர் இடத்தில் என்பது எண்ணிமத் துறையில் வழங்கும் பாதுகாப்பு நெறி.

சீர் அறிந்த கண்

கருவியை அறிவதோடு சடங்கையும் அறிதல் வேண்டும். நெய்க்காரப்பட்டியை அடுத்துள்ள கொங்குப் பகுதித் திருமணங்கள் சிலவற்றில் அருமைக்காரர் என்னும் மூத்தோர் சீர்களை நடத்திவைப்பர். மணமகனின் உடன்பிறந்தாளுக்கு உரிய இணைச்சீர் அவற்றுள் ஒன்று. அச்சீரின் பொருளை அறியாதவர் அந்தப் பெண்ணை ஓரத்தில் நிற்கும் உறவினராகக் கருதிவிடுவார். இசுலாமியத் திருமணத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வேளையும், கிறித்தவத் திருமணத்தில் உறுதிமொழி கூறும் வேளையும் அவ்வாறே தவறவிடக் கூடாதவை. தாய்மாமன் யார், கண் தெரியாத பாட்டி எங்கே அமர்ந்திருக்கிறார், வெளிநாட்டிலிருந்து வந்தவர் எவர் என்று முன்னாளிலேயே கேட்டறிபவரே முழுமையான தொகுப்பைத் தர இயலும்.

இத்துறையில் பெண்களுக்கும் பெரும் வாய்ப்புண்டு. மணமகள் அறையில் நிகழும் ஒப்பனை, அன்னை மகளுக்குப் பூச்சூட்டும் காட்சி போன்றவற்றைப் பெண் கலைஞர் எடுப்பதைப் பல குடும்பங்கள் விரும்புகின்றன. இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக் கலைஞர் எனப் போற்றப்படும் ஓமாய் வியாரவாலா 2011இல் பத்மவிபூஷண் விருது பெற்றார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

முகூர்த்தக் கணக்கு

இரண்டாம் வினாவிற்கு வருவோம். ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மாதங்களில் இந்துத் திருமணங்கள் பெரும்பாலும் நிகழ்வதில்லை. தை, வைகாசி, ஆவணி போன்ற மாதங்களிலோ ஒரே முகூர்த்தத்தில் பல திருமணங்கள் அமைகின்றன. ஒரு கலைஞர் ஒரு முகூர்த்தத்தில் ஓரிடத்தில்தான் நிற்க இயலும். எனவே இத்தொழிலில் வருமானம் சில மாதங்களில் குவியும். சில மாதங்களில் வற்றும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஓராண்டில் 30 திருமணங்களை, ஒன்றுக்கு 40,000 ரூபாய் என ஏற்பதாகக் கொள்வோம். மொத்த வரவு 12,00,000 ரூபாய். தொகுப்பேடு அச்சிடல், உதவியாளர் ஊதியம், பயணம், படச்செம்மை ஆகியவற்றிற்குப் பாதி, அதாவது 6,00,000 ரூபாய் செலவாகிறது. கருவிகளின் விலை 4,00,000 ரூபாய். அவை நான்கு ஆண்டுகள் உழைக்கும் எனில் ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் தேய்மானம். எஞ்சுவது 5,00,000 ரூபாய். மாதத்திற்கு ஏறத்தாழ 41,600 ரூபாய்.

அவரே 10 திருமணங்களை மட்டும் ஏற்றால் வரவு 4,00,000 ரூபாய். செலவு 2,00,000 ரூபாய். தேய்மானம் மட்டும் குறையாமல் 1,00,000 ரூபாயாகவே நிற்கும். எஞ்சுவது 1,00,000 ரூபாய். மாதத்திற்கு ஏறத்தாழ 8,300 ரூபாய். திருமணங்கள் மூன்றில் ஒரு பங்காகும்போது வருமானம் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ‘வரவு அனைத்தும் வருமானம்’ என எண்ணிக் கடனில் விலையுயர்ந்த கருவி வாங்குவோர் இடர்ப்படுவது இதனால்தான்.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக்கால ஊரடங்கு பங்குனி, சித்திரை முகூர்த்தங்களை முடக்கியது. பின்னர்த் தளர்வு வந்தபோதும் திருமணத்திற்கு 50 பேர் என்ற வரம்பு இருந்தது. கையிருப்பு இல்லாத தொழில் எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதை அவ்வாண்டு உணர்த்தியது. எனவே முகூர்த்த மாதங்களின் வரவில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்தலும், வளைகாப்பு, பிறந்தநாள், பள்ளி விழா, விளம்பரப் படம் எனப் பிற பணிகளை ஏற்றலும் முழுநேரத் தொழிலுக்கு இன்றியமையாதவை.

ஒப்பந்தமும் உரிமையும்

எத்தனை நாள் பணி, எத்தனை படங்கள், எந்நாளில் தொகுப்பேடு, முன்பணம் எவ்வளவு, திருமணம் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பனவற்றை எழுத்து வடிவில் முடிவு செய்தல் நன்று. அது நம்பிக்கையின்மையின் அடையாளம் அன்று. இரு தரப்பின் நினைவையும் ஒன்றாக்கும் கருவி.

படத்தின் உரிமை யாருடையது என்பதும் அறியத்தக்கது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதபோது, எடுக்கச் செய்தவரே. ஆகவே மணமகளின் படத்தைத் தம் விளம்பரத்திற்காகச் சமூக ஊடகத்தில் வெளியிட விரும்பும் கலைஞர் முன்கூட்டியே எழுத்து வழி இசைவு பெற வேண்டும். விருந்தினரான பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் படங்களிலும் இக்கண்ணியம் தேவை. வீட்டின் உள்ளறைவரை அனுமதிக்கப்படும் தொழில் இது. அந்த அனுமதி ஒருமுறை தவறாகப் பயன்படின், ஊரில் மறுமுறை கிடைக்காது.

தொடங்கும் வழி

மேல்நிலைக் கல்வியை முடித்தவர்கள் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் பயிலலாம். சென்னைத் தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு முதலிய பட்டப்படிப்புகள் உள்ளன. வேறு பட்டப்படிப்பு படித்துக்கொண்டே, தேர்ந்த கலைஞரிடம் விடுமுறை நாள்களில் உதவியாளராகப் பணிபுரிவதும் சிறந்த வழியே. விளக்குப் பிடிப்பதில் தொடங்கும் அப்பயிற்சி, கூட்டத்தில் எங்கே நிற்பது, பெரியவர்களிடம் எவ்வாறு பேசுவது என்பனவற்றைக் கற்பிக்கும்.

18 வயது நிறைந்தபின் மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகச் சுயதொழில் கடன் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். 2015இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின்கீழ் வங்கிகள் சிறுதொழிலுக்குப் பிணையின்றிக் கடன் வழங்குகின்றன. எனினும் முதலில் வாடகைக் கருவியைக் கொண்டு பணிபுரிந்து, வரவின் போக்கை அறிந்தபின் கடன் பெறுவதே அறிவுடைமை.

படச்சுருள் போயிற்று, எண்ணிமக் கருவி வந்தது, நாளை வேறொன்று வரும். கருவியை மட்டும் கற்றவர் கருவி மாறும்போது திகைப்பர். நேரம் தவறாமை, சடங்கறிவு, கணக்கறிவு, கண்ணியம் ஆகியவற்றைக் கற்றவரோ புதிய கருவியையும் கையாண்டு நிலைபெறுவர். நெய்க்காரப்பட்டி போன்ற ஊரில் ஒரு வீட்டின் திருமணம் செவ்வனே படமானால், அடுத்த முகூர்த்தத்திற்கு அவ்வீட்டு உறவினரே அழைப்பர். நற்பெயரை விடச் சிறந்த விளம்பரம் இத்தொழிலில் இல்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் இல்லத்திலுள்ள மிகப் பழைய திருமணப் படத்தைக் கண்டு, அதிலுள்ளோரின் உடை, அணிகலன், நிற்கும் முறை ஆகியவை பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊரிலுள்ள தொழில்முனைவோர் ஒருவரைச் சந்தித்து, அவருடைய தொழிலில் வரவு மிகும் மாதங்களையும் குறையும் மாதங்களையும் அட்டவணைப்படுத்துக.
3. திருமண வீட்டாருக்கும் ஒளிப்படக் கலைஞருக்கும் இடையிலான மாதிரி ஒப்பந்தம் ஒன்றை எளிய தமிழில் உருவாக்குக.