ஆண்டர்சன்பேட்டைக் குடும்பத்துக்கு எந்த எஞ்சின் கட்டுப்படியாகும்?

கோலார் தங்கவயலில் எரிபொருளைப் பற்றிய கணக்கு புதிதன்று. ஆழமான சுரங்கங்களிலிருந்து ஆட்களையும் தாதுவையும் மேலே இழுக்க நீராவி எஞ்சின்களை நம்பியிருந்த அவ்வூர், அவற்றுக்கான எரிபொருள் செலவைத் தாங்க மாட்டாமலேயே, 1902-ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்கம்பி இழுத்து மின்சாரத்துக்கு மாறிற்று. எஞ்சினின் விலையைவிட அதற்கு ஊட்டும் தீனியின் விலையே பெரிது என்பதை அன்றைய கம்பெனிக் கணக்கர்கள் அறிந்திருந்தனர். இன்று அதே கணக்கை ஆண்டர்சன்பேட்டையில் ஒரு குடும்பம் கார் வாங்கும்போது போட வேண்டியிருக்கிறது.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின் தங்கவயலின் உழைக்கும் மக்களில் பெரும் பகுதியினர் பெங்களூரை நம்பி வாழ்கின்றனர். விடியுமுன்னரே மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் நிற்க இடமிராது. இரவில்தான் வீடு திரும்ப முடியும். இத்தகைய ஊரில் கார் என்பது இரண்டு விதமாக நுழைகிறது. ஒன்று, மருத்துவமனைக்கும் திருமணங்களுக்கும் வேளாங்கண்ணிக்கும் செல்லும் குடும்ப வண்டி. மற்றொன்று, கடனில் வாங்கி மஞ்சள் நம்பர் பலகையுடன் பெங்களூருக்கு ஓட்டும் பிழைப்பு வண்டி. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே மாடல்தான் நினைவுக்கு வருகிறது: டிக்கியுடன் கூடிய சிறிய செடான். அவற்றுள் மிகுதியாக விற்பனையாவது மாருதி டிசையர். ஆயின் அதனுள் இருக்க வேண்டிய எஞ்சின் எது என்பதில்தான் சேமிப்பும் கடனும் சிக்கியுள்ளன.

இந்தக் காரின் எஞ்சின் வரலாற்றைப் பொறியியல் வரலாறு என்பதைவிட வரி வரலாறு என்பதே பொருந்தும். 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோலானால் 1,200 கன சென்டிமீட்டர், டீசலானால் 1,500 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சினும் உடைய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. 2008-இல் வெளிவந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளமுடையது. அதன் பெட்ரோல் எஞ்சினோ 1,298 கன சென்டிமீட்டர். இரண்டு அளவுகோல்களிலும் அது சலுகைக்கு வெளியே நின்றது. 2010-இல் எஞ்சின் 1,197 ஆகச் சுருங்கிற்று. 2012-இல் காரின் பின்புறமே வெட்டப்பட்டு நீளம் 3,995 மில்லிமீட்டராயிற்று. டிக்கியின் கொள்ளளவு 440 லிட்டரிலிருந்து 316 லிட்டராகக் குறைந்தது. ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் வரிச் சலுகையைப் பிடித்த இந்த வெட்டு அழகுக்காகச் செய்யப்பட்டதன்று என்பது வண்டியைப் பக்கவாட்டில் பார்த்த எவருக்கும் விளங்கும்.

டீசல் எஞ்சினின் ஏற்றமும் இறக்கமும் இதைவிடத் தெளிவான பாடம். ஃபியட்டின் உரிமத்தில் தயாரான 1,248 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினை மாருதியும் டாட்டாவும் ஃபியட்டும் தத்தம் கார்களில் பொருத்தின. அதன் ஆற்றல் 75 குதிரைத் திறனே. ஆனால் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. 2020-இல் வந்த பெட்ரோல் எஞ்சின் 90 குதிரைத் திறன் உடையதாயினும் அதன் உச்ச முறுக்குவிசை 113 தான். அதுவும் 4,400 சுற்றில். ஐவர் அமர்ந்து, டிக்கியில் சாமான் ஏற்றி, மேட்டில் ஏறும்போது கியரை மாற்றாமல் இழுக்கும் தெம்பு டீசலுக்கு இருந்ததன் காரணம் இதுவே. தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டரையும் தாண்டிய உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண பெட்ரோல் எஞ்சின் அந்த அளவு திறனை இழக்கும். டர்போ பொருத்திய டீசல் அவ்வளவாக இழப்பதில்லை.

ஆனால் மக்கள் டீசலை நாடியதற்குத் தெம்பைவிட விலையே காரணம். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, டீசலுக்கு நீங்கவில்லை. 2012 மே மாதத்தில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குக் கிடைத்தது. லாரிக்கும் பம்ப்செட்டுக்கும் கருதி அளித்த மானியம் காருக்கும் சேர்ந்தே சென்றது. 2013 ஜனவரியிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றி, 2014 அக்டோபரில் டீசலும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. 2020 ஜூனில் டில்லியில் சில நாட்கள் டீசல் பெட்ரோலைவிட விலையேறி நின்றது. அதற்கு முன்னரே, 2020 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரத் 6 புகை விதிகளுக்கு ஏற்ப அந்தச் சிறிய டீசல் எஞ்சினைத் திருத்துவது கட்டுப்படியாகாது என மாருதி அதைக் கைவிட்டிருந்தது. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றே வண்டி விலையை வெகுவாக உயர்த்திவிடும்.

டீசல் விட்டுச்சென்ற இடத்தை இன்று இயற்கை எரிவாயு நிரப்புகிறது. குடும்பத்தினர் வாங்கும் டிசையரில் 2022 மார்ச்சில் அது வந்தது. பெட்ரோல் எஞ்சினே இங்கும் இயங்குகிறது. 200 பார் அழுத்தத்தில் உருளையில் அடைத்த வாயு, அழுத்தம் தணிக்கப்பட்டு எஞ்சினுள் செல்கிறது. வாயு எடுத்துக்கொள்ளும் இடத்தால் உள்ளே செல்லும் காற்று குறைவதால் திறனும் குறையும். 2024 நவம்பரில் வந்த மூன்று சிலிண்டர் எஞ்சின் பெட்ரோலில் ஏறத்தாழ 82 குதிரைத் திறனும், வாயுவில் 70-உம் தருகிறது. சோதனைக்கூட அளவில் பெட்ரோலில் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், வாயுவில் கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர். சாலையில் இவ்வளவு எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், சாலையில் 18 கிலோமீட்டர். வாயு கிலோ 88 ரூபாய், சாலையில் 25 கிலோமீட்டர். வாயு வண்டியின் கூடுதல் விலை 90,000 ரூபாய் எனக் கொள்வோம். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 5.56 ரூபாய், வாயுச் செலவு 3.52 ரூபாய், மிச்சம் 2.04 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப ஏறத்தாழ 44,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் குடும்ப வண்டிக்கு இதற்கு ஆறு ஆண்டுகளாகும். பெங்களூருக்குப் போய்வரும் சுமார் 200 கிலோமீட்டரை மாதம் 25 நாட்கள் ஓட்டும் வாடகை வண்டிக்கோ ஒன்பது மாதம் போதும். கடனுக்கு வட்டி சேர்த்தால் முதலாமவருக்கு இன்னும் தள்ளிப்போகும். இரண்டாமவருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஊரில் எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதால் வாயு வண்டியை வாங்கும் ஓய்வூதியக் குடும்பம், ஓடாத கிலோமீட்டருக்கு முன்பணம் கட்டுகிறது.

பணத்தில் அடங்காத செலவுகளும் உள்ளன. உருளை டிக்கியின் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு நீரழுத்தச் சோதனை கட்டாயம். வாயு நிலையத்தில் வரிசை நீண்டால் வாடகை ஓட்டுநருக்கு ஒரு சவாரி தவறும். பெட்ரோல் பக்கத்திலும் ஒரு மாற்றம் வந்துள்ளது: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலின் வெப்ப ஆற்றல் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகையால், இக்கலவைக்கெனச் சீரமைக்கப்படாத பழைய எஞ்சினில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையக்கூடும். மேற்கண்ட கணக்கில் இதையும் சேர்த்தால் தராசு வாயுவின் பக்கம் சிறிது சாயும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதன்மேல் பெட்ரோலுக்கு 1 சதவீதமும் டீசலுக்கு 3 சதவீதமும் இருந்த கூடுதல் தீர்வையும் நீங்கியது. நான்கு மீட்டர் எல்லையும் எஞ்சின் அளவும் மட்டும் 2006-இல் வகுத்தபடியே உள்ளன. புதிய டிசையரில் டீசல் இல்லாததால், அதை விரும்புவோர் பழைய வண்டியைத்தான் தேட வேண்டும். 2012-இல் பதிவான டீசல் டிசையர் 2027-இல் பதினைந்து ஆண்டை எட்டும். தகுதிச் சோதனைக்கு உட்பட்டுப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். அத்தகைய வண்டியை மலிவாகக் கேட்பவர், டர்போ, இன்ஜெக்டர் ஆகியவற்றின் பழுதுச் செலவை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, அதையும் விலையோடு கூட்டிப் பார்ப்பது நல்லது.